டிசம்பர் தாள்

வருடத்தின் கடைசி நாள், எழுத்தாளர் சங்கத்தின் புது வருட நாள்காட்டி தபாலில் வந்தது. ஈப்போ வீட்டு வாசலில் அர்ச்சுனனே கையெழுத்துப் போட்டு வாங்கினார். மாதத்துக்கு ஒரு மறைந்த எழுத்தாளரின் படம். டிசம்பரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தது அவரேதான்.

மனைவி விமலா பொங்கினாள். "உயிரோட இருக்கிற ஆள இப்படியா போடுவாங்க? போன் போட்டு நல்லா கேளுங்கலா."

அவருக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் எட்டு வருடமாக அவர் ஒரு வரி எழுதவில்லை. சுங்கை சிப்புட் தோட்டத்து நாவல் மூன்றாம் அத்தியாயத்தோடு அலமாரியில் கிடக்கிறது. அவர்களை என்ன சொல்ல?

எழுதும் மேசைக்கு மேலே ஆணியடித்து நாள்காட்டியை மாட்டினார்.

"இதப் போயா மாட்டுறீங்க?"

"டிசம்பர்லதான செத்திருக்கேன்," என்றார், பேனா மூடியைத் திறந்தபடி. "இன்னும் பதினோரு மாசம் இருக்குலா."