மலை உச்சியில் பெற்றோர் கூட்டம்

பொகோட்டாக்காரர்கள் வாயிலிருந்து "நீ" என்ற சொல் லேசில் வராது. கட்டின புருஷன், பெற்ற பிள்ளை, வீட்டு நாய், எல்லாருக்கும் "நீங்க"தான். "கொஞ்சம் தள்ளிப் படுங்க, கால்ல மிதிபட்டுடப் போறீங்க" என்று எதிர்வீட்டு அம்மாள் தன் நாயிடம் கெஞ்சுவதை நானே கேட்டிருக்கிறேன். நான் மராகைபோவில் பிறந்தவள். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும், ஒருத்தர் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும், பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். வெனிசுவேலாவை விட்டு மகளோடு பக்கத்து நாட்டின் இந்த மலையூருக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. குளிர் பழகிவிட்டது. இந்த மரியாதைதான் இன்னும் செரிக்கவில்லை.

என் மகள் ஒரியானாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு நன்றாகவே செரித்துவிட்டது, என்னையே "நீங்க" என்கிறாள்.

எனக்கு ஓர் அலுவலகக் கேண்டீன் அடுப்படியில் வேலை. ஆறு மணிக்குள் அங்கே நின்றாக வேண்டும். அதனால் விடியும் முன்பே அவளை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியின் வாசலில் இறக்கிவிட்டுப் பறப்பேன். பள்ளிக்கூடத்துக் கேட் ஆறரைக்குத்தான் திறக்கும். உள்ளே விளக்கு எரியும், வாட்ச்மேன் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார், ஆனால் கேட் திறக்காது. உத்தரவு அப்படி. அதுவரைக்கும் ஒரியானா பூட்டிய ஸ்டேஷனரிக் கடையின் ஓரம், தூறலுக்கு ஒதுங்கி நிற்பாள்.

"குளிருதாடி?"

"இல்லம்மா. காது மட்டும்தான். நீங்க கிளம்புங்க, நேரமாச்சு."

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அந்தக் கேட்டை ஒரு மணி நேரம் முன்னால் திறக்க வேண்டும். அதைப் பெற்றோர் சங்கத்தில் கேட்டேன். சங்கத்தின் தலைவர் டாக்டர் எவரார்டோ. அவர் ஒரு நோயாளியையும் தொட்டுப் பார்த்தவர் இல்லை, குளியலறை ஓடு விற்கிறவர். இந்த ஊரில் டை கட்டியவரெல்லாம் டாக்டர்.

"கண்டிப்பாங்க, இதைவிட முக்கியமான விஷயம் வேற என்ன இருக்கு? நீங்க சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம். உடனே கவனிச்சுடலாம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிக்கொண்டேன். கேட் திறக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்திலும் கேட்டேன். அதே சந்தோஷம், அதே தலையாட்டல். மூன்றாம் முறை மராகைபோக் குரலில் கேட்டேன். எல்லாரும் காபிக் கோப்பைக்குள் பார்வையைப் போட்டார்கள். ஒருவர் "மன்னிச்சுக்கோங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

வெளியே வந்தபோது வாட்ச்மேன்தான் மனம் பொறுக்காமல் சொன்னார்.

"தாயே, வியாழக்கிழமைக் கூட்டத்துல பிஸ்கட் சாப்பிடலாம், அவ்வளவுதான். முடிவெல்லாம் ஞாயித்துக்கிழமை மேல, பாத்தியோஸ்ல."

பாத்தியோஸ் என்பது ஊரின் கிழக்கு மலைமேல் இருக்கும் கணவாய். ஞாயிறு காலையில் பாதி ஊர் உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடையை மாட்டிக்கொண்டு, தொப்பையைத் தூக்கிச் சைக்கிள் கம்பிமேல் வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் மிதிக்கும். உச்சியில் சுங்கச்சாவடி. அதையொட்டிக் கடைகள். கொதிக்கும் வெல்லத் தண்ணீரில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டுக் குடித்தபடி எங்கள் பெற்றோர் சங்கம் அங்கே கூடுகிறது. சீருடையின் நிறம், ஆண்டுவிழாச் சாப்பாடு, எல்லாம் அங்கேதான் முடிவாகும். யார் வேண்டுமானாலும் வரலாமாம், தடையே இல்லையாம். சைக்கிள் மிதித்து ஏறி வந்தால் போதுமாம்.

போனேன். என் சைக்கிளுக்குக் கியர் கிடையாது, கனத்த இரும்புக் கேரியர் உண்டு. மராகைபோவில் நான் பார்த்த பெரிய ஏற்றம் ஏரிப் பாலம்தான். இங்கேயோ சும்மா படியேறினாலே மூச்சு வாங்கும். மிதித்து, இறங்கி, தள்ளி, ரோட்டோரம் உட்கார்ந்து, கடைசி வளைவை நெருங்கும்போது எதிரே சங்கம் மொத்தமும் காற்றாய் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"அடடா, இப்பத்தாங்க முடிஞ்சுது! உங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தோம். அடுத்த வாரம் அவசியம் வாங்க" என்று கையசைத்தபடி பறந்தார் டாக்டர் எவரார்டோ.

அடுத்த வாரமும் போனேன். அடுத்த வாரமும் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

அந்த வாரத்தில் ஒரியானாவுக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நிஜமான டாக்டர் பார்த்துவிட்டு, "விடியக்காலைக் குளிர்ல இவங்களை நிக்க விடாதீங்க" என்றார். அவளைப் பார்த்துக்கொள்ள நான் லீவு போட்டதற்கு, இன்னொரு தரம் இப்படி என்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கேண்டீன் மேற்பார்வையாளர் மிகவும் பணிவாகத் தெரிவித்தார். குழந்தையா வேலையா என்று நான் யோசித்துப் பார்த்தேன். வேலை போனால் குழந்தைக்குச் சோறு ஏது? அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

மூன்றாவது ஞாயிறு, மலைக்கு அப்பால் லா கலேரா போகும் பஸ்ஸில் ஏறினேன். சைக்கிளைப் பின்னால் போடச் சொன்னேன்.

"ஏறுறதுக்கு பஸ்ஸு, இறங்குறதுக்குச் சைக்கிளா?" என்றார் டிரைவர்.

"ஆமாங்க. தப்பா?"

"தப்பென்னங்க. புத்தியுள்ளவங்கன்னு சொல்ல வந்தேன்."

சங்கத்தை ஏமாற்றப் போகிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தல் இருக்கத்தான் செய்தது. கடைசி வளைவு வரைக்கும் இருந்தது. அங்கே, மூடிக் கிடந்த ஓர் இறைச்சிக் கடையின் பின்புறம் ஒரு வெள்ளை வேன் நின்றது. டாக்டர் எவரார்டோ அதிலிருந்து தன் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தார். பொருளாளரும் செயலாளரும் தங்களுடையதை ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள். டாக்டர் பாட்டிலைத் திறந்து தலையில், கழுத்தில், அக்குளில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிமிர்ந்தார். பஸ் அங்கே மெதுவாகப் போனது. கண்ணாடிக்கு உள்ளே நான், வெளியே அவர். பழக்கதோஷம், தலை தாழ்த்தி வணக்கம் சொன்னார்.

நான் கடையில் முதல் ஆளாகக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். சங்கம் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தது. அந்த மூச்சிரைப்பில் குறைசொல்ல முடியாது, நல்ல பயிற்சி. வெகுநேரம் கழித்து மருந்துக்கடை நெல்சன் வந்தார். முகம் கத்தரிக்காய் நிறம், வாயில் பேச்சில்லை. பாவம், கீழேயிருந்து மிதித்தே வந்த ஒரே ஆள் அவர்தான்.

"நெல்சன், நீங்க வாரநாள்லயும் கொஞ்சம் பயிற்சி பண்ணணும். எல்லாரையும் காக்க வைக்கிறீங்க" என்றார் டாக்டர் எவரார்டோ. பிறகு என்னிடம், "சீக்கிரமே வந்துட்டீங்க போல" என்றார்.

"வழியிலேயே பாத்தோமே டாக்டர், கடைசி வளைவுல. இடுப்பு ஒண்ணும் பிடிச்சுக்கலையே?"

"சைக்கிள் மிதிச்சா முட்டிதானே வலிக்கும், இடுப்பு எதுக்கு?" என்று மூச்சுக்கு நடுவே கேட்டார் நெல்சன்.

"குனிஞ்சு எதையாவது தூக்குனா பிடிச்சுக்கும். நான் கேண்டீன்ல பானை தூக்குறவ, எனக்குத் தெரியும்" என்றேன்.

பொருளாளருக்குப் புரையேறியது. டாக்டர் எவரார்டோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதல்ல கேட் விஷயத்தை எடுத்துக்கலாம்னு நினைக்கிறேன்" என்றார்.

"அது வியாழக்கிழமையே முடிஞ்சு போச்சுன்னு..." என்று இழுத்தார் செயலாளர்.

"இல்லைங்க. முடியலை. பிஞ்சுக் குழந்தைங்க பனியில நிக்கிறதை இந்தச் சங்கம் ஒரு நாள்கூடப் பொறுத்துக்காது."

அப்படி ஓர் உருக்கமான பேச்சை நான் கேட்டதில்லை. கோப்பையில் பாலாடைக்கட்டி இளகுவதற்குள் எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. கன்னியாஸ்திரீகளிடம் அவரே அன்றைக்கே பேசுவதாகச் சொன்னார். இந்த முறை நான் அவரை நம்பினேன். மலையிறங்கும்போது காற்று கண்ணில் அறைய, நடுரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை தாமதமாக வருவேன் என்று கேண்டீனில் சொல்லிவைத்திருந்தேன். அந்தக் கேட் திறப்பதை என் கண்ணால் பார்க்காமல் போவதாக இல்லை. இருட்டு பிரியவில்லை. வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்து, கல்யாண மண்டபக் கதவைத் திறக்கிற தோரணையில் விரியத் திறந்தார். ஒரியானா உள்ளே போனாள். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து ஸ்டேஷனரிக் கடைக்கு முன்னால் நின்றது. பின்னாலேயே இன்னொன்று. இன்னும் இரண்டு. கதவுகள் திறந்து, பிள்ளைகள் குதித்துக் கேட்டுக்குள் ஓடினார்கள். எல்லாம் சங்கத்தார் வீட்டுப் பிள்ளைகள். முதல் காரின் கண்ணாடி இறங்கியது. டாக்டர் எவரார்டோவின் மனைவி கிளெமென்சியா.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க" என்றாள். "நெரிசல் குறைய நாளுக்குச் சில நம்பர் வண்டிங்க காலைல ஆறு மணிக்கு மேல ஓடக்கூடாதுங்கறாங்கல்ல, எங்க நம்பர் வர்ற நாள்ல எல்லாம் இவ்வளவு சீக்கிரமா வந்து, கேட் திறக்கிற வரைக்கும் ஹீட்டரைப் போட்டுக்கிட்டு வண்டிக்குள்ளயே உக்காந்திருப்போம். யாராவது பாத்தியோஸ்ல வந்து கேட்டா நல்லா இருக்குமேன்னு எத்தனை மாசமா நினைச்சுக்கிட்டிருந்தோம் தெரியுமா? நாங்களா கேட்டா மரியாதையா இருக்காது பாருங்க."

நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தேன். அகலமான சீட்டு. அதன்மேல் மடித்த ஒரு கம்பளி. என் மகள் நிற்கிற இடம் அந்தக் கதவிலிருந்து கை நீட்டினால் எட்டும்.

சாயங்காலம் ஒரியானாவைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தேன். பாதி வழி வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். அப்புறம் முடியவில்லை.

"அந்தக் காரெல்லாம் முன்னாலயும் வருமாடி?"

"வரும்மா. தினமும் ஏதாவது ஒண்ணு வரும். சில நாள் எல்லாமே வரும்."

"மழை பெஞ்சப்பவும்?"

"ஆமாம்மா."

"யாரும் உன்னை உள்ள வந்து உக்காருன்னு சொல்லலையா?"

"இல்லம்மா. ஆனா கண்ணாடியில பனி படிஞ்சிருக்கும்ல, அதைத் துடைச்சுட்டு எனக்குக் கை காட்டுவாங்க. ரொம்ப மரியாதையானவங்க."

எனக்குத் தெரிந்த மராகைபோ வசவு அத்தனையும் தொண்டைக்கு வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"நீ என்ன பண்ணுவ?"

"நானும் கை காட்டுவேம்மா" என்றாள்.