நல்லம்மாவின் வசனம்

எனக்கு அம்மாவில கோவம். சும்மா முகத்தைத் திருப்பிற கோவமில்லை, வருசக்கணக்காச் சோத்தோட சேத்து விழுங்கின கோவம். அதைத்தான் நாடகமா எழுதினனான். சமூக அக்கறையில எழுதினது எண்டு ஆராவது மேடையில சொன்னா நம்பாதேங்கோ.

அக்கா விதுசா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவ. பெட்டியிலதான் திரும்பி வந்தவ. மாடியால விழுந்ததெண்டு அங்க உள்ளவை சொன்னவை. அவவோட வேலைசெய்த பிள்ளை ஒண்டு செத்தவீட்டுக்கு வந்து, என்னைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னது: "அக்கா வீட்டுக்கு ஃபோன் எடுத்தவ. அடிக்கிறாங்கள், என்னைக் கூப்பிடுங்கோ எண்டு கேட்டவ. கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அம்மா சொன்னவவாம்." அக்கா அனுப்பின காசில கட்டின வீடு அப்ப அரைகுறையா நிண்டது. நான் பள்ளிக்கூடத்தில. அம்மா என்னட்ட இதைப் பற்றி மூச்சும் விடேல்லை.

இந்தக் கதைக்கு இடம் தந்தது கொட்டில் நாடகக்குழு. பேரைக் கேட்டுப் பெரிசா நினைக்காதேங்கோ. திருகோணமலை டவுனில, துறைமுகப் பக்கம், தர்மசீலன் அண்ணை ஸ்பீக்கர் பெட்டியள் அடுக்கி வைச்சிருக்கிற தகரக் கொட்டில் அது. கோயிலுக்கும் கலியாணவீட்டுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுறது அவற்ற பிழைப்பு. மிச்ச நேரத்தில, ஒருநாளும் நாடகம் எழுதாத ஆக்களைத் தேடிப்பிடிச்சு எழுத வைக்கிறது அவற்ற விசர். வாசல்ல ஒட்டின நோட்டீஸை, டவுனுக்க மாடு மாதிரித் திரியிற ரோட்டு மான் வந்து திண்டாலும் கலைக்கமாட்டார், அதெண்டாலும் வாசிக்கட்டும் எண்டுவார்.

நடிக்க ஆக்கள் தந்தார், பஸ் காசு தந்தார், தேத்தண்ணி தந்தார். ஆனா அவரிட்ட இரண்டு சட்டம். கதையில வாற ஆக்கள் உயிரோட இருந்தா முதல் வாசிப்புக்கு அவையைக் கூப்பிடோணும், அவை வேண்டாமெண்டா நாடகம் இல்லை. மற்றது, எழுதினவருக்கு ஆரில கோவமோ அந்த ஆளின்ர வசனத்தை அண்டைக்கு அவர்தான் வாசிக்கோணும்.

"என்னத்துக்கு அண்ணை இந்த வேலை?" எண்டு கேட்டன்.

"இல்லாட்டி எல்லாரும் கோவமான ஆளுக்குப் பேய்க்கொம்பு வைச்சுத்தான் எழுதுறியள்" எண்டார்.

சம்பூர்ப் பெடியன் ஒருத்தன்ர நாடகம், தகப்பன் தலையாட்டாததால இன்னும் அலுமாரிக்குள்ள கிடக்கு. என்ரயும் அதுக்குள்ளதான் போகும் எண்டு எனக்குத் தெரியும். போகட்டும். அம்மா ஒருக்கா அதைக் கேக்கோணும். கேட்டிட்டு, ஓம், நான்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லோணும். எனக்கு வேண்டிக்கிடந்தது அது ஒண்டுதான்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மா வந்தா. கோயிலுக்குக் கட்டுற சீலை. அக்காவைப் பற்றின நாடகம் எண்டு மட்டும்தான் சொல்லிக் கூப்பிட்டனான். பிளாஸ்டிக் கதிரையில நுனியில இருந்து, தேத்தண்ணியைக் குடிக்காமக் கையில வைச்சுக்கொண்டிருந்தா. அக்காவா வாசிக்க அசனா. பாமசியில மருந்து குடுக்கிற பிள்ளை, குரல் அப்பிடி ஒரு குரல். ஓட்டோ ஓடுற சஞ்சீவன், அக்காவைக் குவைத்துக்கு அனுப்பின ஏஜென்சிக்காரனுக்கு வாசிச்சான். நல்லம்மாவுக்கு, அதான் அம்மாவுக்கு, நான்.

முதல் காட்சி வாசிக்கேக்கை அம்மா லேசாச் சிரிச்சா. அக்கா குசினியில சண்டை பிடிக்கிற இடம் அது. அப்பிடியே அவளை அச்சில வார்த்தது எண்டு சஞ்சீவனிட்டச் சொன்னா. அடுத்தது ஃபோன் காட்சி.

அசனா வாசிச்சாள்: "அம்மா, என்னைக் கூப்பிடுங்கோ. இவங்கள் என்னைக் கொன்றுபோடுவாங்கள்."

நான் அம்மாவைப் பாத்துக்கொண்டு வாசிச்சன்: "கொஞ்சம் பொறு பிள்ளை. வீடு முடியட்டும்."

அம்மா தேத்தண்ணியைக் கீழ வைச்சா. எழும்பிப் போகப்போறா எண்டுதான் நினைச்சன்.

"அது பிழை" எண்டா அம்மா.

எனக்குக் கோவம் ஏறிட்டுது. "எது பிழை? இப்பவும் மறைக்கப்போறியளோ?"

"நான் பொறு எண்டு சொல்லேல்லை."

"அக்காவே அந்தப் பிள்ளையிட்டச் சொன்னவ."

"அவள் எனக்காக மாத்திச் சொல்லியிருக்கிறாள்." அம்மா என்னைப் பாக்காம அசனாவைப் பாத்துத்தான் கதைச்சா. "ஒவ்வொரு நாளும் எடுத்து அழுவாள். கேக்க ஏலாது. அண்டைக்கு நான், அழுறதெண்டா எடுக்காத எண்டு சொன்னனான். பிறகு அவள் எடுக்கேல்லை."

துறைமுகத்தில கப்பல் ஒண்டு ஊதினது. தர்மசீலன் அண்ணை, "அம்மா, இது உங்கட கதை. வேண்டாமெண்டா இதோட விட்டிருவம்" எண்டார்.

"போடுங்கோ. சரியாப் போடுங்கோ" எண்டா அம்மா. என்னட்டத் திரும்பி, "வாசி" எண்டா.

அந்தக் கோவம் முழுக்க எங்கயோ போயிட்டுது, அது போன இடத்தில ஒண்டும் இல்லை. பெரிய வெறுமை.

"வாசி பிள்ளை. நான் சொன்னதுதானே."

வாசிச்சன். "அழுறதெண்டா எடுக்காத."

அடுத்தது அக்கான்ர பதில். ஒரு பக்கம் எழுதியிருந்தனான். வெந்நீர், பூட்டின அறை, ஊர் வயல் எல்லாம் அதில வரும். வாசிச்ச எல்லாரும் கண் கலங்கின இடம். இதுக்காகவே உன்ர நாடகத்தை மேடையேத்தலாம் எண்டு தர்மசீலன் அண்ணையே சொன்னவர். அசனா அதைத் தொடங்கி இரண்டு வரி போகேல்லை, அம்மா கையைத் தூக்கினா.

"அவள் இவ்வளவும் கதைக்கேல்லை மகள். 'சரியம்மா' எண்டாள். வைச்சிட்டாள்."

அசனா என்னைப் பாத்தாள். நான் தலையாட்டினன். அவள் பேனையெடுத்து அந்தப் பக்கம் முழுக்க வெட்டினாள்.

திரும்பிப் போற பஸ்ஸில அம்மாவுக்குப் பக்கத்துச் சீற்றுக் கிடைச்சது. கிண்ணியாப் பாலம் தாண்டேக்கை, "எங்கட ஊரிலயும் போடுவியளோ?" எண்டு கேட்டா.

"நீங்க வேண்டாமெண்டா போடமாட்டம். அயலுக்க ஒருத்தரும் பிறகு உங்களோட கதைக்கமாட்டினம் அம்மா."

"போடுங்கோ. காணுற எல்லாரும் பிள்ளை எப்பிடிச் செத்தவள் எண்டு கேக்க, விழுந்தவள், விழுந்தவள் எண்டு சொல்லிக் களைச்சுப்போனன்."

கையை நீட்டி என்ர கையைப் பிடிக்க வந்தா. நான் கேட்ட சொல்லை எனக்குத் தந்த மனிசி. ஆனா அந்தக் கை எனக்கு வேண்டாமாக் கிடந்தது. ஏறின ஒரு கிழவருக்குச் சீற்றைக் குடுத்திட்டு, எங்கட கிளிவெட்டி வரைக்கும் நிண்டுகொண்டே வந்தனான்.