கிளாரா டீச்சருக்கு இமை கீறிய வாரம்

டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தது. ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் அந்த மனிதர் சொல்லவில்லை.

"முதல் ரெண்டு நாள் கண்ணாடி பார்க்காதீங்க டீச்சர்" என்றார், கிளாராவின் மேலிமைகளில் பேனாவால் கோடு இழுத்தபடி. "நல்லா வீங்கும், நீலம் பாயும். நீலம் கன்னத்துக்கு இறங்கி, மஞ்சளாகி, அப்புறம் மறையும். ரெண்டு தலையணை வச்சுப் படுங்க. குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்குக் கண் முழுசா மூடாது, பயப்படாதீங்க. சொட்டு மருந்து ஊத்திக்கிட்டே இருங்க. ஏழாம் நாள் தையல் பிரிச்சிடலாம்."

மரத்துப்போக ஊசி போட்டபோதுதான் வலி. மற்றபடி ஒரு மணி நேர வேலை. தொங்கிய தோலைக் கத்தரி நறுக்கும் சத்தம் காதுக்கு அருகில் கேட்டது, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் கிளாரா. நாற்பத்தைந்து தாண்டியதும் இமைகள் சரியத் தொடங்கின. எந்தப் போட்டோவிலும் அரைத் தூக்கத்தில் இருப்பாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கணவன் செல்வதாஸ் பங்குத் திருவிழா விருந்தில் மைக்கைப் பிடித்து, "எனக்க வீட்டுக்காரி பூசையிலயும் ஒறங்குவா, பள்ளிக்கூடத்துலயும் ஒறங்குவா" என்றான். பந்தலே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும். மறுவாரமே நாகர்கோவில் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இந்த வயசுல யாருக்குக் காட்டவாக்கும்?" என்று கேட்டான் செல்வதாஸ்.

"எனக்குக் காட்ட" என்றாள்.

கடியப்பட்டணத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறவன் அவன். கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் துணைத் தலைவர் பதவி மேல் அவனுக்குப் பத்து வருஷ ஆசை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேர்தல். முப்பது வீடுகள் சேர்ந்தது ஒரு அன்பியம், வாரம் ஒரு வீட்டில் முறைவைத்து ஜெபம் நடக்கும். இந்தச் சனிக்கிழமை முறை வேறு வீட்டுக்கு. தேர்தலுக்கு முந்தின நாள் அந்த முப்பது வீட்டு ஓட்டுக்காரர்கள் எல்லாரும் தன் வீட்டு டீயைக் குடிக்க வேண்டும் என்று, காலைப் பிடித்துக் கையைப் பிடித்து முறையை மாற்றி வாங்கியிருந்தான். இந்த லட்சணத்தில் மனைவி இமை கீறி அழகு பார்த்தாள் என்று தெரிந்தால் மீன்பிடித் துறை முழுக்கச் சிரிக்கும். அது ஒன்றுதான் அவன் பயம்.

ஆகவே செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு டெல்சி மீன்குழம்போடு வந்து, சன்னல் வழியாகக் கிளாராவின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்தியபோது, செல்வதாஸ் முந்திக்கொண்டான்.

"குளிமுறியில வழுக்கி விழுந்திட்டா."

டெல்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு கண்ணும் ஒண்ணுபோலயா விழுந்தாவ?"

குழம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அவனுக்கு அப்போது புரியவில்லை. உள்ளே ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்த கிளாராவுக்குப் புரிந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரித்தால் தையல் இழுக்கும்.

மாலையில் அவன் அக்காள் வியாகுலம்மாள் வந்தாள். அந்த அன்பியத்தின் தலைவி அவள்தான். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏட்டி கிளாரா, யாரு கேட்டாலும் குளிமுறின்னே சொல்லணும், கேட்டியா? தேர்தல் நேரம்."

"மைனி, இது ஆபரேஷன். நானே காசு கொடுத்துச் செய்தது."

"போடி! என்னட்டயே பொய்யா? எனக்க தம்பிக்க கோவம் எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கேட்காமல் பயிற்சி வகுப்புக்குப் போனாள் என்று செல்வதாஸ் விட்ட ஓர் அறையில் கிளாராவின் இடது கண் கோழிமுட்டையாக வீங்கியது. அன்றைக்கும் இதே கட்டிலில்தான் இதே மைனி உட்கார்ந்து ஐஸ் வைத்துக்கொண்டே, "கதவு இடிச்சிட்டுன்னு சொல்லு" என்றாள். கிளாரா சொன்னாள். டெல்சி வந்து பார்த்து, "பாத்து நடக்கப்படாதா டீச்சர்" என்றாள். ஊர் அதோடு முடித்துக்கொண்டது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பன்னிரண்டு வருஷமாக அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அந்த அறை அல்ல, யாரும் கேட்காததுதான்.

வெள்ளிக்கிழமைக்குள் நீலம் கன்னத்துக்கு இறங்கியது, ஊர்ப்பேச்சு மீன் ஏலம் போடும் இடம் வரைக்கும் போயிருந்தது. செல்வதாஸ் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவனுக்கு எதிராக நிற்கும் பெர்லினுக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். செல்வதாஸ் வீட்டுக்கு வந்து செருப்பை உதறினான்.

"நான் அடிச்சேன்னு சொல்லுகாவ, அறியுமா? நாளைக்கு நீ எல்லாருக்கும் முன்ன ஆபரேஷன்னு சொல்லிரு."

"அப்போ குளிமுறி?"

"அது நான் நாணக்கேட்டுக்குப் பயந்து சொன்னது."

"பொய்யை நீங்க சொன்னிய. நீங்களே திருத்துங்க" என்றாள். கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு, இரண்டு தலையணையில் தலையை உயர்த்திப் படுத்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பைபிளுக்குள் வைத்தாள். செய்யாததற்கு ஒருவன் பழி சுமப்பது கணக்கு டீச்சருக்கு ஒத்துவரவில்லை.

சனிக்கிழமை மாலை கூடம் நிறைந்துவிட்டது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள், எல்லாம் கண்ணைப் பார்க்கத்தான். கிளாரா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். பங்குச் சாமியாரே வந்திருந்தார். பைபிள் வாசகம் முடிந்து, அவரவர் மனதில் பட்டதைச் சொல்லும் நேரம் வந்தது. டெல்சி தொண்டையைச் செருமினாள்.

"பெண்டாட்டிய அடிச்சுப்போட்டு பூசையில நன்மை வாங்க வரிசையில நிக்கியவியள ஆண்டவர் மன்னிப்பாரா, ஃபாதர்? சும்மா பொதுவாக் கேக்கேன்."

செல்வதாஸ் துள்ளி எழுந்தான். "நான் அடிக்கல்ல! அது ஆபரேஷனாக்கும்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அன்னைக்குக் குளிமுறின்னு சொன்னிய?"

"இன்னும் ரெண்டு நாள் போனா மாடு முட்டிச்சுன்னு வரும்" என்றது இன்னொரு குரல். வியாகுலம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். செல்வதாஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கிளாரா எழுந்து கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு இமையிலும் ஒரே சீரான தையல். சீட்டைச் சாமியாரிடம் நீட்டினாள்.

அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். "ஆமா, ஆபரேஷன்தான். நாகர்கோவில்ல, திங்கக்கிழமை. செல்வதாஸ் மேல தப்பில்ல."

அதோடு உட்கார்ந்திருக்கலாம் அவன். ஓட்டு பாதிக்கு மேல் திரும்பி வந்திருக்கும். கிளாராவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீ போடப் போயிருப்பாள், உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பந்தலில் மைக்கைப் பிடித்த அதே குரல் வந்தது.

"இப்போ தெரிஞ்சுதா எல்லாருக்கும்? கெட்டி இருபத்தாறு வருசம். ஒரு நாள் எனக்க கை இவ மேல பட்டிருக்கா? இவட்டயே கேளுங்க!"

கேட்டுவிட்டான். இத்தனை வருஷமாக யாரும் கேட்காததை அவனே கேட்டுவிட்டான்.

"பட்டிருக்கு" என்றாள் கிளாரா.

வியாகுலம்மாள், "ஏட்டி!" என்றாள்.

"பன்னிரண்டு வருசம் முன்ன. இந்த இடது கண்ணு. கதவு இடிச்சிட்டுன்னு சொல்லச் சொன்னாவ, சொன்னேன். மைனி ஐஸ் வச்சு விட்டாவ. டெல்சி, நீயும் வந்து பாத்த. பூசைக்கு வந்தேன், எல்லாரும் பாத்திய." வகுப்பில் பேசுகிற குரல்தான். "அன்னைக்கு அவிய அடிச்சாவ, கதவுன்னு நம்பினிய. இந்தத் தடவை அடிக்கல்ல, அடிச்சாவன்னு நம்பினிய. நாளைக்கு யாருக்கு வேணும்னாலும் ஓட்டுப் போடுங்க. எனக்கு உங்க ஒருத்தர் மேலயும் மதிப்பில்ல."

டெல்சி தரையைப் பார்த்தாள். சாமியாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது சொல்வதைச் சொன்னார்.

"எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்போம்."

முப்பது வீட்டுத் தலைகளும் அவசரமாகக் குனிந்தன. கிளாராவின் இமைகள் பாதி வழியில் நின்றுவிட்டன. முழுசாக மூட இன்னும் நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். செல்வதாஸ் மட்டும் கண்ணை மூடாமல் அவளையே வெறித்துக்கொண்டிருந்தான். அவள் பார்வை அவன் மேல் வந்து நின்றதும், அவனும் மூடிக்கொண்டான்.