ஆள் வருகிற இடம்

பேருந்தில் இடம் பிடிப்பது வசந்தாவின் வேலை. மற்ற வேலைகள் கோதண்டராமனுடையவை. திருமணமான மறு ஆண்டு சிதம்பரத்துக்குப் போனபோது ஏற்பட்ட இந்தப் பங்கீடு முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறையும் மாறவில்லை. எங்கே நின்றால் வண்டியின் படி தன் எதிரே வந்து நிற்கும் என்பதை அவள் முன்கூட்டியே கணித்துவிடுவாள். ஏறியதும் சன்னலோரம் அமர்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து, கேட்பவர்களிடமெல்லாம் “ஆள் வருது” என்பாள். தண்ணீர் வாங்குவது, பெயர்ப்பலகையை இன்னொருமுறை சரிபார்ப்பது, இறங்குமிடத்தை விசாரித்து வைப்பது ஆகியவற்றை முடித்துக்கொண்டு அவர் வந்து சேர்வார். பை அவள் மடிக்குப் போகும், அவர் உட்காருவார்.

அவருக்கு இடம் பிடிக்க வராது. படியில் கால் வைத்த பிறகும், பின்னால் வருகிறவருக்கு வழிவிட்டு விலகி நிற்கிற சுபாவம்.

அஞ்சல் பிரிப்பகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். உறைகளின்மேல் படித்த ஊர்களைக் கண்ணாலும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆடம்பரம். ஆண்டுதோறும் மே மாதத்தில் ஓர் ஊர். வாடகைக் கார் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் எதில் போகிறார்களோ அதில்தான் போக வேண்டும். போக முடியாத ஆண்டுகள் நீங்கலாக இப்படி இருபத்தொன்பது ஊர்கள் ஆகியிருந்தன. செஞ்சி மட்டும் தள்ளிக்கொண்டே வந்தது. மே மாத வெயிலில் அந்தக் கோட்டைப் பாறைகளில் கால் வைக்க முடியாது என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது சொன்னார்கள்.

இப்போது மே மாதத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. வசந்தாவுக்கு மறதி வந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. சென்ற ஆடியில் மகள் வெண்மதியைப் பார்த்து, யார் வீட்டுப் பெண் என்று பரிவோடு விசாரித்தாள். அடுத்து அவருடைய முறை என்பதை மருத்துவர் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். நாள் எதுவும் குறிப்பிடவில்லை. அவள் தம்மை இன்னும் அறிகிறாளா என்பதைச் சோதித்துப் பார்க்கவும் அவருக்கு வழியில்லை. மற்றவர்களைப் பெயர் கேட்டுச் சோதித்தார்கள். அவருடைய பெயரையோ அவள் ஒருநாளும் சொன்னதில்லை; “என்னாங்க” என்ற சொல்லிலேயே முப்பத்தெட்டு ஆண்டுகளையும் ஓட்டியிருந்தாள். சில மாதங்களாக அந்தச் சொல்லும் குறைந்து வந்தது.

தம்மை அவள் மறப்பதற்குள் இன்னும் ஓர் ஊர். அவர் வேண்டியது அவ்வளவுதான். வெண்மதி முதலில் மறுத்தாள். பிறகு ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: அம்மாவின் கையை விடக் கூடாது.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கிளாம்பாக்கத்தில் ஏறி, திண்டிவனம் வழியாகச் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மணி ஒன்பதே கால். வழிநெடுக அவர் கையை விடவில்லை. திருவண்ணாமலை விரைவு வண்டிகள் கோட்டையில் நிற்பதில்லை. நேரக் காப்பாளர் தனகோட்டி, மூன்றாவது தடத்துக்கு வரும் ஆலம்பூண்டி டவுன் பஸ்ஸில் ஏறிக் கோட்டை என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்றார்.

வண்டி வளைந்து உள்ளே வந்தபோது கூட்டம் எழுந்தது. அப்போதுதான் அது நிகழ்ந்தது. கையை அவர் விடவில்லை, அவள் விடுவித்துக்கொண்டாள். இந்த வேறுபாட்டைப் பின்னர் மகளிடம் அவர் எடுத்துச் சொல்லவில்லை. இடப்பக்கம் இரண்டடி நகர்ந்து வசந்தா நின்றாள். படி சரியாக அவள் எதிரே வந்து நின்றது. அடுத்த நொடி சன்னலோரத்தில் அவள் முகம் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் பை.

“தண்ணி வாங்கிக்கினு வாங்க,” என்றாள் சன்னல் வழியாக. “கூலிங் வேணாம்.”

ஐந்து மாதங்களாக யாரும் தூண்டாமல் அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்ததில்லை. கோதண்டராமனுக்கு அந்தக் கணத்தில் மகளின் நிபந்தனை நினைவில் இல்லை என்று சொல்ல முடியாது. நினைவில் இருந்தது, ஆனால் அது வேறு யாருக்கோ விதித்ததுபோல் இருந்தது. அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். தம் பங்கைத் தாம் செய்யாதிருப்பது முறையாகப் படவில்லை. முதல் கடையில் குளிர்ந்த தண்ணீர்தான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், நுழைவாயிலுக்கு அருகிலிருந்த இரண்டாவது கடைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது மூன்றாவது தடம் காலியாக இருந்தது. வண்டி தன் நேரத்துக்குத்தான் கிளம்பியிருந்தது.

அலுவலகத்துக்குள் போய், என்ன நடந்தது என்பதை அவர் வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் தனகோட்டி தொலைபேசியை எடுத்துவிட்டார். அந்த வண்டியின் நடத்துநர் விமல்ராஜ். ஒலிபெருக்கியில் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

“பச்சப் பொடவ, சன்னலோரம். இருக்குறாங்கண்ணே. கோட்டைய தாண்டி வந்துட்டோம். டிக்கெட்டு அவரு எடுப்பாருன்னாங்க. பொம்பளைங்களுக்கு ஃப்ரீம்மான்னேன், அப்பவும் அவரு எடுப்பாருன்னாங்க. சரி, ஊட்டுக்காரர் பின்னாடி ஏறியிருக்காருன்னு நெனச்சிட்டேன்.”

“பத்தரமா பாத்துக்கடா. எங்கயும் எறக்கி வுட்றாத.”

“நான் எங்கண்ணே எறக்கறது? ஆள் வருதுன்னு பக்கத்து சீட்டயே வுடமாட்றாங்க. பஸ்ஸே சண்ட போடுது.”

கோதண்டராமன் குனிந்து, அவளிடம் கணவர் பெயரைக் கேட்கும்படி வேண்டினார். சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

“கேட்டேன் சார். சிரிக்கிறாங்க. சொல்லமாட்றாங்க.”

சிரித்தாள் என்றால் வெட்கம். வெட்கம் என்றால் நினைவு. இப்படி முடிவு செய்துகொண்ட பிறகுதான் அவரால் நிமிர முடிந்தது. வேறொரு முடிவுக்கும் அந்தச் சிரிப்பில் இடமிருந்தது. அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலம்பூண்டி வரை துரத்திக்கொண்டு போனால் திரும்பி வருகிற வண்டியை வழியில் தவறவிட்டுவிடக்கூடும் என்றார் தனகோட்டி. அதே வண்டி பத்து ஐம்பதுக்குக் கோட்டை நிறுத்தத்தைக் கடந்து திரும்பும். அங்கே போய் நின்று ஏறிக்கொள்வதுதான் சரி. ஆட்டோ ஒன்றையும் அவரே பிடித்துக் கொடுத்தார்.

கோட்டை நிறுத்தத்தில் கோதண்டராமன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றார். ஒரு பக்கம் ராஜகிரி, எதிர்ப்பக்கம் கிருஷ்ணகிரி, நடுவே சாலை. குன்றுகளை விட்டு, மேற்கே சாலை வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரி மாணவிகள் நால்வர் தங்களை ஒரு படம் எடுத்துத் தரும்படி கேட்டார்கள். அதற்குச் சாலைக்கு முதுகு காட்ட வேண்டியிருந்ததால், கை நடுங்கும் என்று சொல்லி மறுத்துவிட்டார்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் வண்டி வந்தது. படியில் தொங்கியபடி விமல்ராஜ் கையைக் காட்டினான். உள்ளே நிற்க இடமில்லை. மூன்றாவது வரிசையில் மட்டும் ஓர் இருக்கையில் கைப்பை வீற்றிருந்தது. அதன் அருகே கூடையோடு நின்றிருந்த ஆண்டாள் என்ற நடுவயதுக்காரி, நடத்துநர் அவருக்கு வழி ஒதுக்குவதைப் பார்த்தாள்.

“இவருதானா அது? அந்தம்மா புடிச்ச புடிக்கு கலெக்டரே வராருன்னு இல்ல நெனச்சிக்கினு நின்னோம்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கோதண்டராமனும் சிரித்தார்; அன்று காலையில் அவர் சிரித்தது அப்போதுதான். பையை எடுக்கக் குனிந்தார். வசந்தா பையின்மேல் கையை வைத்தாள்.

“இங்க ஆள் வருதுங்க, ஐயா.”

விமல்ராஜ் எட்டி, “யம்மா, இவருதாம்மா உங்க ஊட்டுக்காரரு,” என்றான்.

அவள் அவரைப் பார்த்தாள். அவசரமில்லாமல், நெற்றியிலிருந்து சட்டைப் பை வரை, நியாயமாகப் பார்த்தாள்.

“இவரு இல்ல,” என்றாள். கோபம் சிறிதும் இல்லை. “அவரு தண்ணி வாங்கப் போயிருக்காரு.”

தண்ணீர்ப் புட்டி அவர் கையில் இருந்தது. நீட்டலாம் என்று தோன்றியது. நீட்டிய பிறகும் அவள் இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இராது. புட்டியைத் தோள்பைக்குள் வைத்தார்.

நடத்துநர் மறுபடியும் வாயெடுத்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார். ஆண்டாள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். வண்டி நகர்ந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிறிது தூரம் போன பிறகு வசந்தாவே பேசினாள். வயதானவரை நிற்க வைத்திருப்பது அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். எங்கே போகிறார் என்று கேட்டாள். செஞ்சிக்குத்தான் என்றார். தாங்கள் கோட்டை பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். வருடா வருடம் எங்காவது போவதுண்டு என்றாள். மூன்று ஊர்களின் பெயர்களைச் சொன்னாள். மூன்றும் சரி.

“அவருக்கு எடம் புடிக்கத் தெரியாதுங்க,” என்றாள். “எல்லாருக்கும் வழி வுட்டுட்டு கீழயே நிப்பாரு. நான் இல்லன்னா காலம் பூரா நின்னுக்கினேதான் வருவாரு.”

கோதண்டராமன் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார்.

“ரொம்ப நேரம் ஆச்சே,” என்றார். “வருவாரா?”

“வந்துடுவாரு. கூலிங் இல்லாத தண்ணி கெடைக்கணுமில்ல.”

பேருந்து நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். ஆண்டாள் இறங்கும்போது அவர் முழங்கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். வசந்தா எழவில்லை. ஆளைக் கூப்பிட்டு மெதுவாக இறக்கலாமா என்று விமல்ராஜ் தாழ்ந்த குரலில் கேட்டான். வண்டி மறுபடி எங்கே போகும் என்று அவர் விசாரித்தார். ஆலம்பூண்டிதான், இன்னும் கால் மணியில்.

“அப்ப இருக்கட்டும்பா. கோட்டைக்குத்தான போவணும்.”

தொலைபேசி அடித்தது, வெண்மதி. போய்ச் சேர்ந்தாயிற்றா என்று கேட்டாள். பிறகு, “அம்மா கையப் புடிச்சிருக்கீங்க இல்லப்பா?” என்றாள்.

“அம்மா எடம் புடிச்சி உக்காந்திருக்காம்மா,” என்றார்.

“பழையபடியா?” மகளின் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது.

“ஆமா. பழையபடி.”

அதில் பொய் எதுவும் இல்லை என்று சரிபார்த்துக்கொண்டு தொலைபேசியை வைத்தார்.

வண்டி முழுவதும் காலியாகக் கிடந்தது. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நின்று நின்று முழங்கால்கள் வலித்தன. ஆயினும் வேறோர் இருக்கையில் உட்கார்ந்தால், தமக்கென்று அவள் காலையிலிருந்து காத்து வைத்திருக்கிற இடத்தைத் தாமே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். அதே கம்பியைப் பிடித்து, அதே இடத்தில் நின்றார். வசந்தா கடைகள் இருந்த பக்கமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கண்டு, மறுபடி சாய்ந்தாள்.

கூட்டம் ஏறத் தொடங்கியது. இருக்கைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. அவள் கை களைத்துப் பையிலிருந்து நழுவி மடிமேல் விழுந்திருந்தது. கண்கள் சன்னலிலேயே இருந்தன. உரச் சாக்கை வாசலருகே போட்டுவிட்டு வந்த ஒருவர், யாரையும் கேளாமல் பையைத் தூக்கி, உட்காரத் திரும்பினார்.

“இல்லீங்க,” என்றார் கோதண்டராமன். “ஆள் வருது.”

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையை வைத்துவிட்டுப் பின்னால் போனார். வசந்தா திரும்பினாள். உதவி செய்த வேற்றாளுக்குத் தலையசைப்பதுபோல் அவருக்குத் தலையசைத்து, பையை நேராக நிமிர்த்தி வைத்தாள்.

விமல்ராஜ் வந்து அவர் முன்னால் தயங்கி நின்றான்.

“கோட்டை ஒண்ணு,” என்றார் அவர். வண்டி கிளம்பியது.