முழுச் சீசா

கறம்பக்குடிக் கடைவீதியில் சேக் அலாவுதீன் ராவுத்தரின் கருவாட்டு மண்டியைத் தெரியாதவர் இல்லை. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த பிறகும் அவர் நிமிர்ந்து நடந்த நடை மாறவில்லை. அவர் வீட்டிலிருந்து குறைப் பாத்திரம் வாசல் தாண்டாது. நோன்புக் கஞ்சியோ, பெருநாள் சோறோ, விளிம்பு தொட்டுத்தான் வெளியே போகும்.

அந்த வீட்டில், சிங்கப்பூரிலிருந்த மகனின் ஆறு வயதுப் பெண் ஜன்னத்துக்கு முகம் வீங்கியது. காலையில் இமை தடித்துக் கண் திறக்காது. பொழுது ஏற ஏற வீக்கம் காலுக்கு இறங்கும். டாக்டர் ராமு வந்து பார்த்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் முதல் சிறுநீரைச் சீசாவில் பிடித்து வரச் சொன்னார். காய்ச்சிப் பார்த்தால் சிறுநீரகக் கோளாறா என்று தெரிந்துவிடுமாம்.

பெண்பிள்ளை மூத்திரத்தை வேலையாள் கையில் கொடுத்தனுப்ப ராவுத்தருக்கு மனம் ஒப்பவில்லை. தானே கொண்டுபோவதாகச் சொன்னார். ஆனால் மருமகள் சாரா உம்மாள் கதவோரத்தில் நின்று நீட்டிய சீசாவின் அடியில் கொஞ்சமாகக் கலங்கலாய்க் கிடந்தது. பிள்ளைக்கு அவ்வளவுதான் வந்தது என்றாள்.

"இதையா கொண்டுபோய் அவரு மேசையில வைக்கிறது? நம்ம வீட்டுப் பேரு என்னாகுறது? தண்ணி ஊத்தி நெரப்பு."

அவள் தயங்கித்தான் ஊற்றினாள்.

டாக்டர் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து விளக்கில் காட்டினார். லேசாகப் புகை படர்ந்ததுபோல் தெரிந்தது. கோளாறு இருந்தால் முட்டை வெள்ளைபோல உறையும், இது பயப்படும்படி இல்லை, சோகை வீக்கமாக இருக்கலாம் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். தன் குடும்பத்தில் அந்த மாதிரி வியாதியெல்லாம் கிடையாது என்று ராவுத்தர் பள்ளிவாசலில் சொல்லிக்கொண்டார். பத்தியம் இல்லையென்பதால் பிள்ளை கேட்ட கருவாட்டையெல்லாம் வறுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் வயிறும் உப்பிவிட்டது. பிள்ளை படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மாமனார் முகம் பார்த்துப் பேசாத சாரா உம்மாள் அன்று எதிரே வந்து நின்றாள்.

"தண்ணி ஊத்துனத டாக்டர்ட்ட சொன்னீங்களா மாமா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் நீட்டிய சீசாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார். புதிதாக ஒரு சீசா கொடுத்துவிட்டால் போதும், பழையதைப் பேச வேண்டியிராது என்பது அவர் கணக்கு. டாக்டரோ, போன வாரம்தானே பார்த்தோம், மறுபடி எதற்கு, டானிக்கை மாற்றித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தார். பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். மண்டிக்கு வரும் சேவுகனும் அதில் ஒருவன்.

"ராவுத்தர் சரக்க டாக்டர் ஒரு தடவை பாத்தா போதாதாக்கும்" என்றான் சேவுகன். எல்லாரும் சிரித்தார்கள்.

ராவுத்தர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அதுல பாதிக்கு மேல தண்ணி டாக்டர். கொறையா இருந்துச்சு. நாந்தான் ஊத்தச் சொன்னேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"கொறையா இருந்ததுதாங்க நோயே" என்றார் டாக்டர். "அதத்தான் எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

சாரா உம்மாள் கொடுத்தனுப்பிய சீசாவில் அன்றைக்கு இன்னும் கொஞ்சமாகத்தான் இருந்தது. குழாயில் சூடு ஏறியதும் அது அடியிலிருந்து வெளுத்து, கட்டியாக உறைந்தது. டாக்டர் குழாயைச் சாய்த்தார். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. உப்பை நிறுத்தச் சொன்னார், உடனே புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பிழைத்துவிடுமா என்று ராவுத்தர் கேட்டதற்கு, முதலில் போய்ச் சேருங்கள் என்றார்.

பஸ்ஸில் ஜன்னத்தை மடியில் வைத்துக்கொண்டார். அவள் முழங்காலுக்குக் கீழே அவர் விரல் பட்ட இடம் குழிந்து, குழிந்தபடியே நின்றது. பக்கத்தில் சாரா உம்மாள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஜனம் மொய்த்தது. நர்ஸ் ஆரோக்கியம்மாள், பிள்ளைக்கு ஒன்றுக்கு எவ்வளவு போகிறது என்று அத்தனை பேருக்கும் நடுவே உரக்கக் கேட்டாள். மருமகள் தலைகுனிந்தாள்.

"கொஞ்சந்தாம்மா" என்றார் ராவுத்தர், அவளைவிட உரக்க. "ரொம்பக் கொஞ்சம். இன்னைக்குக் காலையில சீசாவுல புடிச்சதுக்குப் பொறவு அதுவும் இல்ல."