வெறும் வயிற்றில், உடைக்காமல்

நாய்க்குக் கல்லீரல் மருந்து தேடி அலைந்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்க வேண்டிய மன்னிப்பு வேறொன்று இருக்கிறது. அதை லோசாவிடம் கேட்டாகிவிட்டது.

லோசா என் நாய். லோசா என்றால் பாதாம். அந்த நிறம், அதனால் அந்தப் பெயர். எங்கள் ஊர் மன்சூராவின் தெருவில் பிறந்த நாட்டு நாய். பத்து வருஷத்துக்கு முன் கல்லீரல் ஆஸ்பத்திரி வாசலில் குட்டியாகக் கிடந்தவளை என் கணவர் ஷௌகி சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தார். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது மாடியில் நானும் அவளும்தான்.

கீழ்வீட்டில் ஷௌகியின் அக்கா ஃபைஸா, என் அண்ணி. ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்று தவறாது, என்னைத் திட்டுவதிலும் ஒரு நாள் தவறாது. எங்கள் ஊரில் பெண்களை மூத்த பிள்ளையின் பெயரால் கூப்பிடுவார்கள். உம் அகமது, உம் சல்மா என்று, இன்னாரின் அம்மா. எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் அண்ணி மாடிப்படியின் கீழிருந்து தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவாள்: "உம் லோசா! உன் மக என் வாசல்ல முடியைக் கொட்டியிருக்கா, வந்து கூட்டு!"

நான் இறங்கிப் போய்க் கூட்டுவேன். "என் மகதான், அண்ணி. அதுக்கென்ன இப்போ?" என்பேன். வலிக்காமல் இல்லை. வலித்ததை அவளுக்குக் காட்டினால்தானே?

வெயில் தொடங்கிய வாரத்தில் லோசா சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கால்நடை டாக்டர் ரவூஃப் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"கல்லீரல் என்சைம் அளவு நாலு மடங்கு ஏறியிருக்கும்மா. வயசு ஒரு காரணம். குப்பையில எதையாவது தின்னுருக்கலாம். ஈரலுக்குத் துணையா ஏதாவது சத்து மருந்து குடுங்க. நாய்க்குன்னே விக்கிறாங்க. பார்த்து வாங்குங்க, ரெண்டு வாரத்துல மறுபடி ரத்தம் பார்ப்போம்."

பார்த்து வாங்குங்க என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. கல்லீரலைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டுமா? எங்கள் ஊரில் மினிபஸ்ஸில் ஏறி, பக்கத்தில் இருப்பவரிடம் களைப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். இறங்குவதற்குள் கண்ணின் வெள்ளையைப் பார்த்து, நகத்தைப் பார்த்து, என்ன சோதனை எடுக்க வேண்டும் என்பது வரை சொல்லிவிடுவார்கள். கல்லீரலை அரிக்கும் சி வைரஸ் நுழையாத வீடு இல்லாத காலம் ஒன்று இருந்தது. பதினோரு வருஷம் ஒரு கல்லீரலுக்குக் காவல் இருந்தவள் நான்.

பிராணிகள் சாமான் கடைக்குப் போனேன். தலைமுடியைப் பசை போட்டு நிமிர்த்தியிருந்த விற்பனையாள் ஒரு டப்பாவை நீட்டினான். மேலே சிரிக்கிற நாய் படம்.

"வெளிநாட்டுச் சரக்கு மேடம். கோழி ருசி. மிட்டாய் மாதிரி தின்னும்."

"ஒரு வில்லையில மருந்து எவ்வளவு இருக்கு?"

அவன் டப்பாவைத் திருப்பினான். "விசேஷக் கலவைன்னு போட்டிருக்கு."

"கலவைதான். அதுல எது எவ்வளவு?"

"மேடம், திங்கப் போற நாயே கேக்காது. நீங்க கேக்குறீங்களே!"

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கலவையில் முதலில் போட்டிருந்த சரக்கு எனக்குத் தெரியும். வாய்க்கால் கரையில் ஊதாப் பூப் பூக்கும் முட்செடியின் விதைச் சாறு. ஷௌகி பதினோரு வருஷம் குடித்த ஆரஞ்சு நிறப் பொட்டலங்களும் அதே சரக்குதான். அதே மருந்து வீட்டில் இருக்கும்போது நாய்ப் படம் போட்ட டப்பா எதற்கு?

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஈரல் மருந்துக்கென்று ஓர் இழுப்பறை உண்டு. என் வீட்டு இழுப்பறையை ஒன்றரை வருஷமாக நான் திறக்கவில்லை. அவர் இறந்த வாரம் வாங்கிய நாலு பெட்டி பிரிக்காமலே இருந்தது. அன்று மாலை திறந்தேன். அவருடைய பூதக்கண்ணாடியும் அதில் கிடந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பொட்டலத்தை எடுத்தேன்.

முதல் இரண்டு நாள் அரைப் பொட்டலம் கரைத்து வைத்தேன். முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஷௌகிக்குக் கொடுப்பதுபோல இரண்டு முழுப் பொட்டலத்தைக் கோழி ரசத்தில் கலக்கி, பக்கத்தில் உட்கார்ந்து, கெஞ்சிக் கொஞ்சிக் குடிக்க வைத்தேன். கிண்ணத்தை நக்கி முடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முக்கால் மணி நேரத்தில் அவளுடைய பின்னங்கால்கள் ஆடின. சுவரில் மோதிக்கொண்டு விழுந்தாள். வாந்தி எடுத்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பதினெட்டு கிலோ. எனக்கு வயது அறுபத்தொன்று. அண்ணி வாசலில் நின்றாள். நாய் எச்சில் பட்டால் தொழுகைக்கு ஆகாது என்பதால், அங்கியின் ஓரத்தை இழுத்துச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினாள்.

"செத்துருச்சா?"

"சாகல."

"சாகப் போவுதுல்ல, எங்கயாவது கொண்டு போய் விட்டுரு. என் தம்பிக்கு இவ்வளவு ஓடுனியா நீ?"

இதற்கு அன்று பதில் சொல்ல நேரமில்லை. ஆனால் இந்தக் கேள்வியின் வேர் எனக்குத் தெரியும். பன்னிரண்டரை வருஷத்துக்கு முன் ஷௌகிக்கு நோய் என்று தெரிந்த மாதம், அண்ணி ஒரு வைத்தியனைக் கூட்டி வந்தாள். கூண்டில் ஒன்பது புறா. ஷௌகியைப் படுக்கவைத்து, தொப்புள் மேல் புறாவின் பின்புறத்தை வைத்து அழுத்தினான். வைரஸைப் புறா இழுத்துக்கொள்ளுமாம், இழுத்துக்கொண்ட புறா செத்துவிடுமாம். மூன்று புறா செத்தது. அவன் பெருவிரல் புறாக்களின் கழுத்தில் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். கூண்டோடு அவனைப் படியில் தள்ளி இறக்கினேன். மீதி ஆறு புறாவையும் வைக்க விட்டிருந்தால் தம்பி பிழைத்திருப்பான் என்பது அண்ணியின் வழக்கு. ஒன்றரை வருஷமாக அந்த வழக்கில் நான்தான் குற்றவாளி. மூடத்தனத்துக்கு நான் இடம் கொடுக்கவில்லை என்பது என் பெருமை. அந்தப் பெருமையில்தான் பதினோரு வருஷம் பொட்டலம் கரைத்தேன்.

ரவூஃப் ஊசி குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னம்மா குடுத்தீங்க?"

"ஈரல் மருந்துதான். நீங்க சொன்னதுதான்."

"அதான், என்னது? காட்டுங்க."

பையிலிருந்து காலிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கம் படித்தார்.

"இது சர்க்கரை நோயாளிக்குப் போடுற வகையாச்சே?"

"என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையும் இருந்துச்சு."

"அதனால சர்க்கரைக்குப் பதிலா சைலிட்டால்னு ஒரு இனிப்பு போட்டிருக்கான். மனுசனுக்கு அது ஒண்ணும் பண்ணாது. நாய்க்கு விஷம்மா. ரத்தத்துல சர்க்கரையைக் கீழ தள்ளும். ஈரலையும் அடிக்கும்." குரலைத் தாழ்த்தினார். "ஏற்கெனவே நொந்த ஈரல். வயசும் ஆச்சு. கஷ்டப்படுத்தாம ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாமா, யோசிங்க."

"யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. டிரிப் ஏத்துங்க."

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

"உறுதி நான் கேக்கல டாக்டர். உறுதி குடுத்த டாக்டருங்கள நிறையப் பார்த்தாச்சு. டிரிப் ஏத்துங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

சர்க்கரைத் தண்ணீர் ஏறியது. மூன்று நாள் தாண்டி, தானாகச் சாப்பிட்டால் பிழைப்பாள் என்றார். மூன்று பகலும் அவள் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமென்ன அதில்? என் கையால் கொடுத்தேன், என்னை நம்பிக் குடித்தாள்.

மூன்றாம் நாள் மதியம் அண்ணி வந்தாள். வாசல் நிலையைத் தாண்டி வரவில்லை. கையில் துணி சுற்றிய பாத்திரம். அவித்த பயறும் ரொட்டியும், எனக்கு. வாயைத் திறக்குமுன் நானே எழுந்தேன்.

"நான்தான் குடுத்தேன், அண்ணி. உங்க தம்பியோட பொட்டலம். அது நாய்க்கு விஷமாம். பின்னாடி எழுதியிருக்கு, நான் படிக்கல. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிருங்க. நிக்கிறேன்."

அவள் பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அவனுக்கும் அது விஷமா இருந்துச்சா?"

திட்டு வரும் என்று இறுகி நின்ற எனக்கு இந்தக் கேள்வி தாங்கவில்லை.

"இல்ல. அவருக்கு விஷமுமில்ல, மருந்துமில்ல. அந்த வைரஸைக் கொல்ற புது மாத்திர வந்தப்போ நேரம் தாண்டிப் போச்சு. அது வரைக்கும் கையில எதையாவது கரைச்சுக் குடுக்கணும்னு இருந்துச்சு, குடுத்தேன். உங்க புறா மாதிரிதான்."

இத்தனை வருஷத்தில் இதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அண்ணி பாத்திரத்தை நிலைப்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். சாயங்காலம் லோசா என் விரலில் இருந்து கோழி நார் ஒன்றை வாங்கித் தின்றாள்.

லோசாவோடு வீட்டுக்கு வந்ததும் மறுபடி கடைக்குப் போனேன். இந்த முறை ஷௌகியின் பூதக்கண்ணாடியோடு. அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான். கடையில் இருந்த எல்லா டப்பாவையும் மேசைமேல் இறக்கச் சொன்னேன். கோழி ருசி வில்லையை எதனால் இனிப்பாக்கினார்கள் என்று போடவில்லை, தள்ளினேன். சொட்டு மருந்தில் அளவே இல்லை, தள்ளினேன்.

"மேடம், பரிச்சைக்குப் படிக்கிறீங்களா?"

"ஆமா. ஒரு தடவ படிக்காம எழுதிட்டேன். நீ அடுத்ததை எடு."

கடைசியில் ஒன்று மிஞ்சியது. கல்லீரல் தானே செய்துகொள்ளும் ஒரு சத்து, அதோடு அந்த முட்செடி விதை. எது எத்தனை மில்லிகிராம், எத்தனை கிலோ நாய்க்கு எத்தனை, எல்லாம் எழுதியிருந்தது. ருசி கிடையாது, இனிப்புக் கிடையாது. ரவூஃபிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இதுவே சரி என்றார். ஒரே தொல்லை: வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், உடைக்கவே கூடாது. உடைத்தால் வயிற்றிலேயே கெட்டுப்போகும். கறியில் மறைத்தும் வைக்க முடியாது.

"இதுவும் கைய சும்மா வச்சுக்கிட்டு இருக்க முடியாமக் குடுக்குறதுதானா, டாக்டர்?"

"கொஞ்சம் உதவும். மீதி ஈரலோட வேலை. பொய் சொல்ல மாட்டேன்."

"கொஞ்சம் போதும்."

மறுநாள் காலையில் தரையில் உட்கார்ந்து லோசாவின் வாயைத் திறந்தேன். மேல்தாடையைப் பிடித்தால் மாத்திரை நழுவியது. மாத்திரையைப் பிடித்தால் வாய் மூடியது. மூன்று முறை துப்பினாள். மாத்திரை நாற்காலிக்கு அடியில் உருண்டது, நாற்காலியைத் தள்ளினேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"விழுங்கித் தொலைடி! நீ சாகக் கூடாது, கேட்டியா? நான் விட மாட்டேன்!"

"காலங்காத்தால என்ன உருட்டுற? கூரை இடிஞ்சு விழுதுன்னு நெனச்சேன்." அண்ணி கதவருகில் நின்றாள். தொழுகைக்குக் கட்டிய முக்காடு இன்னும் தலையில் இருந்தது. என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், என் விரலில் ஈரமாக ஒட்டியிருந்த மாத்திரையைப் பார்த்தாள்.

"ஒரு கையால முடியுற வேலையா இது?"

"எனக்கு இன்னொரு கை எங்க இருக்கு?"

அவள் அங்கியின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினாள். பத்து வருஷமாக அங்கியின் ஓரம்கூடப் படவிடாதவள், லோசாவின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்தாள். எச்சில் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது.

"அண்ணி, உங்க தொழுகை..."

"ஏழு தடவ கழுவிக்கிறேன். அது எனக்கும் படைச்சவனுக்கும் உள்ள சங்கதி, உனக்கென்ன? போடு, உம் லோசா. சீக்கிரம்."

நாக்கின் அடிவரை தள்ளிப் போட்டேன். அண்ணி வாயை மூடிப் பிடிக்க, நான் தொண்டையை நீவிவிட்டேன். லோசா விழுங்கினாள்.

அண்ணி எழுந்து குழாயடிக்குப் போனாள். ஒன்று, இரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே கழுவியது எனக்குக் கேட்டது. ஐந்தாவது தடவையில் லோசா எழுந்தாள். ஒரு வாரமாக நான் தூக்கினால் மட்டும் நின்றவள், தானே எழுந்து, கால் தடுமாறத் தடுமாற நடந்து போய், அந்த ஈரக் கையை நக்கினாள்.

"சனியனே," என்றாள் அண்ணி. கையை இழுத்துக்கொள்ளவில்லை. நக்கி முடிக்கும்வரை நின்றுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து கழுவ ஆரம்பித்தாள்.