ஞானதுரை வாங்கிய நாலு கட்டை

1

இந்தக் கதை நான் திருடியது. எர்ணாவூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஞானதுரை, ஒரு நாள் எனக்குப் புளி மடித்துக்கொண்டே, "எழுத்தாளரே, நான் ஒரு படகு வாங்கப் போறேன்" என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். புளியோடு டோல்கேட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. (டோல்கேட்டில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். என்னை எழுத்தாளர் என்று அழைப்பவர் அவர் ஒருவர்தான்.)

அன்றைக்கே மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"1953ஆம் ஆண்டு, எண்ணூர் முகத்துவாரத்தில் ஆதவன் தன் பொற்கதிர்களை—" வேண்டாம். ஆதவனுக்கு எல்லாக் கதையிலும் வேலை கொடுக்கிறார்கள்.

"ஞானதுரையைப் படகுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது." பொய். அவரைப் பிடித்திருந்தது பயம்.

"நீச்சல் தெரியாதவன் முதன்முதலாகப் படகு வாங்கப் போனால்—" இது பரவாயில்லை. ஆனால் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

2

ஏன் படகு என்று இன்னும் சொல்லவில்லை. அவர் மனைவி தேவகிருபை, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சின்னப் பள்ளிக்கூடத்தின் டீச்சர். அங்கே அவர் ஒருவர்தான் டீச்சர். உப்பளத்துப் பிள்ளைகள் முப்பது பேர் படிக்கிறார்கள். போன மாதம் ஆள் ஏற்றும் படகு நடு ஆற்றில் தண்ணீர் வாங்கியது. தேவகிருபையும் உள்ளே இருந்த மற்றவர்களும் சாப்பாட்டுத் தூக்கால் இறைத்து இறைத்து எப்படியோ கரை சேர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தேவகிருபையின் தம்பி தூத்துக்குடியில் தோணி மூழ்கிப் போனவன். படகு தண்ணீர் வாங்கிய அன்றிலிருந்து அவர் ஆற்றங்கரைப் பக்கமே வரவில்லை.

பள்ளி நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது: திங்கட்கிழமை பள்ளி திறக்கவில்லை என்றால் இழுத்து மூடிவிடுவோம்.

கடிதத்தைப் படித்து அழுதுவிட்டு தேவகிருபை சொன்னார்: "மூழ்காத படகு ஒண்ணு இருந்தா கொண்டு வாங்க. ஏறுதேன்."

பேச்சை முடிப்பதற்காகச் சொன்ன வார்த்தை. ஞானதுரை அதைச் சாமான் சீட்டாக எடுத்துக்கொண்டார்.

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவர் இப்படியா செய்வார்? அவரிடமே கேட்டேன். "சாமான் கேட்டா எடுத்துக் குடுக்கது ஒண்ணுதான எனக்குத் தெரியும்" என்றார். அதற்குமேல் நான் சந்தேகப்படவில்லை.]

3

சனிக்கிழமை காலை இருவரும் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனோம். அங்கே மீனவப் பெண் கன்னியம்மாவிடம் விற்பதற்கு இரண்டு படகுகள் இருந்தன. அவர் புருஷன் தேசப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் முன்போல் கடலுக்குப் போவதில்லை.

ஒன்று, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன ஒல்லிப் படகு. நீல வண்ணம், இரண்டு முனையும் கூர். ஞானதுரை அதைத் தடவிக்கொடுத்தார். "உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாருங்க!" பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

இன்னொன்று கட்டுமரம். நாலு கட்டைகளைக் கயிற்றால் பிணைத்திருந்தார்கள். இடைவெளியில் மணல் தெரிந்தது.

"இதுல தண்ணி உள்ள வருமே?"

"வரும் அண்ணாச்சி. வந்த வழியே பூடும்" என்றார் கன்னியம்மா. "அந்த நீலத்துல பூந்துச்சின்னு வெய்யி, தண்ணி எங்க போவும்? அது குந்திக்கும். அப்பால நீதான் எயுந்து போவணும்."

ஞானதுரை கேட்கவில்லை. நீலப் படகைத் தண்ணீரில் தள்ளி ஏறினார். உட்காருவதற்குள் அது புரண்டது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "காப்பாத்துங்க!" என்று கத்தினார். (அச்சில் இந்த வரி வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். வருகிறது.)

பிறகு கட்டுமரம்.

"குந்து. ஆட்டு. இன்னும் ஆட்டு. கவுருதா?"

"கவுரல. ஆனா நனைஞ்சிட்டேனே."

"நனையாம போவணும்னா ரயில்ல போ."

காசைக் கொடுத்துக் கட்டுமரத்தை வாங்கி, அன்று பொழுது சாயும் வரை தேசப்பனோடு துடுப்புப் போட்டார். மறுநாள் ஞாயிறு. கோயில் நாளில் ஞானதுரை துடுப்பைத் தொட மாட்டார்.

4

ஞாயிறன்று நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்திரிகை ஆசிரியர், "ஒரு சாவாவது இருந்தால்தான் கதை நிற்கும்" என்று சொல்லியிருந்தார். முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டேன்.

"நடு ஆற்றில் தேவகிருபையின் கறுப்புக் குடை மட்டும் தனியாக மிதந்து—"

எழுதி முடித்து, கொஞ்சம் அழுது, நன்றாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை அவர்களை வழியனுப்பப் போனேன்.

5

தேவகிருபை வந்தார். கையில் அதே கறுப்புக் குடை. முகத்தில் ரத்தமே இல்லை. கரைக்கு வந்து பார்த்தால் கட்டுமரத்தைக் காணோம். மணலில் நாலு கட்டைகள் தனித்தனியாகக் கிடந்தன. கயிறு ஓரமாகச் சுருண்டிருந்தது.

"ஏ பாவி மக்கா! எம் படகை எவம்ல உடைச்சது?" ஞானதுரை போட்ட சத்தத்தில் குப்பமே திரும்பிப் பார்த்தது.

கன்னியம்மா ஓடிவந்தார். "இன்னாத்துக்கு இப்டி கூவுற? யாரும் ஒடைக்கல, காய வெச்சிகீது. தெனம் கரைக்கு வந்தா அவுத்துப் போட்டுடணும். இல்லாங்காட்டி தண்ணி குடிச்சி கனத்துப் பூடும்."

இது குப்பத்தில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

கதை முடிந்தது என்று நினைத்தேன். உடைந்து கிடக்கும் படகைப் பார்த்த பிறகு எந்தப் பெண் ஏறுவாள்? தேவகிருபை கட்டைகளைச் சுற்றி நடந்தார். ஒன்றைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"நடு ஆத்துல கயிறு அத்துப் போச்சுன்னா?"

"நாலு கட்ட கீது டீச்சரம்மா. ஆளுக்கு ரெண்டு. புட்ச்சிக்கினு கரைக்கு வர வேண்டியதுதான்."

தேவகிருபை மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தம்பிக்குப் பிடிச்சுக்கிட ஒரு கட்டை கிடைக்கல." கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமலே சிரித்தார். "இதுல மூழ்குறதுக்கு என்ன இருக்கு? இதுதான் மொதல்லயே உடைஞ்சி கிடக்கே."

எழுந்து கயிற்றை எடுத்தார். "எப்படிக் கட்டணும்? நானே கட்டுதேன்."

6

முன்னால் ஞானதுரை, நடுவில் குடையோடு தேவகிருபை. முதல் நாள் என்பதால் பின்னால் தேசப்பன். பத்தடி போவதற்குள் மூவரும் இடுப்பு வரை நனைந்துவிட்டார்கள். ஆற்று வளைவில் அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் மறைந்தார்கள்.

நான் கரையில் நின்றேன். (எனக்கும் நீச்சல் தெரியாது.) நேரம் போய்க்கொண்டே இருந்தது. சட்டைப் பையில் அந்தத் தாள் கனத்தது. நான் எழுதியதாலேயே நடந்துவிடுமோ என்ற பயம் வந்தது. எழுதுகிறவனுக்கு இதைவிடக் கேவலமான பயம் கிடையாது. தாளை எடுத்துக் கிழித்தேன். அப்போதும் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அக்கரையிலிருந்து கேட்டது. டங், டங், டங். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை யாரோ தட்டுகிறார்கள். அந்தப் பள்ளியில் அதைத் தட்டுவதற்கு ஒரே ஓர் ஆள்தான்.

"போய் சேந்துட்டாங்கோ" என்றார் கன்னியம்மா.

அப்பாடா என்று மணலில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

7

ஆசிரியர் இதைத் திருப்பி அனுப்பக்கூடும். அல்லது ஆறாவது பகுதியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நாலாவதில் இருக்கும் குடையை மிதக்கவிடக்கூடும்.

எனக்குத் தெரிந்தது மணிச் சத்தம் வரைதான். அதற்குள் அச்சகத்துக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கள் திரும்பி வருவதை நீங்கள்தான் எழுத வேண்டும். காற்று வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள். ஞானதுரை துடுப்பை நழுவவிடுகிறாரா, விடட்டும். கயிறுகூட அறுந்து போகட்டும், தேவகிருபைக்குக் கட்டத் தெரியும். எனக்காக ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கட்டைகளில் கை வைக்காதீர்கள். மற்றபடி அவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் நனைத்துக்கொள்ளுங்கள்.